கேட்காமல் விட்ட ஏழாம் கேள்வி

ஈஸ்டருக்கு முந்தைய அந்தத் தவக்காலத்தில் பங்குச் சந்தை மூன்று வாரமாகச் சரிந்துகொண்டிருந்தது. என்னிடம் ஆலோசனை கேட்டு அதில் பணம் போட்டவர்கள் எல்லோரும் போன் போட்டு என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நான் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். அவரிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை. திட்டு வாங்கிப் பதில் சொல்வது எனக்குப் பழகிப்போன வேலை. பேசாமல் இருக்கிறவருக்கு என்ன பதில் சொல்வது? அவர் பெயர் வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் ஒற்றை அறை என் அலுவலகம். ஊரார் சேமித்த பணத்தை எந்த மியூச்சுவல் ஃபண்டில், எந்த வைப்பு நிதியில் போடலாம் என்று சொல்வது, விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, பிறகு ஏறினாலும் இறங்கினாலும் அவர்களுக்கு முகம் கொடுப்பது, இதுதான் என் தொழில். பதினாறு வருடமாகச் செய்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வாடிக்கையாளரிடமே, "அவசரப்பட்டா வேற ஆளப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் பயந்து நடுங்கிய கதை இது. அதனால்தான் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை.

டீச்சர் என்னிடம் வந்தது அதற்கு முந்தின ஜூன் மாதம். பணி ஓய்வுப் பணம் கைக்கு வந்திருந்தது. முப்பத்துநான்கு வருடம் சாக்பீஸ் தூளைத் தின்று சேர்த்த பணம் என்று அவரே சொன்னார். ஞாயிறு பூசைக்கு எங்கள் பங்குக் கோவிலில் அவரைப் பல வருடமாகப் பார்த்திருக்கிறேன். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசை, தூணை ஒட்டி. ஆனால் பேசியதில்லை. அன்று என் எதிரில் உட்காராமல், நாற்காலியை இழுத்து மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். முதல் முக்கால் மணி நேரம் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசப் பேச நாங்கள் இருவரும் ஒரே அச்சு என்பது தெரிந்தது. இரண்டு பேருக்கும் பூர்வீகம் வத்தலக்குண்டு பக்கம். அவருக்குச் சேவுகம்பட்டி, எனக்கு அங்கிருந்து நாலு மைல். இரண்டு பேர் அப்பாவும் கோவில் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள். திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரே விடுதியில், பன்னிரண்டு வருட இடைவெளியில், நாங்கள் இருவரும் தங்கிப் படித்திருக்கிறோம். சனிக்கிழமை உப்புமாவில் புழு கிடந்தால் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சத்தம் காட்டாமல் சாப்பிட வேண்டும் என்பது வரை எல்லாம் ஒத்துப்போனது. அவரும் என்னைப் போலவே கடையில் பாக்கிச் சில்லறையை எண்ணாமல் வாங்க மாட்டார். அவரும் என்னைப் போலவே கடன் என்றால் காத தூரம் ஓடுவார். அவர் பேசப் பேச, பன்னிரண்டு வயது கூடிய என்னையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. இவருக்குப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிறகு அந்தத் தாளை எடுத்தேன். பணம் போட வருகிறவரிடம் கேட்டு எழுத வேண்டிய பன்னிரண்டு கேள்விகள் உள்ள தாள் அது. வயது என்ன, வருமானம் என்ன, பொறுப்புகள் என்னென்ன, போட்ட பணம் பாதியாகக் குறைந்தால் என்ன செய்வீர்கள் என்று போகும். ஏழாவது கேள்வி: இந்தப் பணம் மூன்று ஆண்டுகளுக்குள் தேவைப்பட வாய்ப்பு உண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். பதில்களைப் பார்த்துத்தான் பணத்தை எங்கே போடுவது என்று முடிவு செய்ய வேண்டும். ஆபத்தைத் தாங்கக்கூடியவருக்குப் பங்குச் சந்தை. தாங்க முடியாதவருக்கு, சீக்கிரம் தேவைப்படுகிறவருக்கு, வட்டி குறைந்தாலும் கரையாத இடம்.

டீச்சர் தாளை என் பக்கமே தள்ளிவிட்டார். "இதெல்லாம் எங்கிட்டப் போய்க் கேக்கணுமா புள்ள? உனக்குத் தெரியாததா? நீயே போடு."

எனக்கும் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. கூடப் பிறந்தவளிடம் போய் உன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று கேட்பது போல. மூன்றே நிமிடத்தில் பன்னிரண்டு கேள்விக்கும் குறி போட்டேன். பென்ஷன் வருகிறது, சொந்த வீடு இருக்கிறது, கணவர் காலமாகிவிட்டாலும் கடன் வைத்துப் போகவில்லை, ஒரே பையன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். நானாக இருந்தால் என்ன போடுவேனோ அதையே போட்டேன். ஏழாவது கேள்விக்கு 'இல்லை'. கடைசியில் நான் காட்டிய இடத்திலெல்லாம் அவர் கையெழுத்துப் போட்டார், தாளைக் கையில் எடுக்காமலே. என் சொந்தப் பணம் எந்தத் திட்டத்தில் இருந்ததோ அதே திட்டத்தில் அவர் பணம் முழுவதையும் போட்டேன். முழுக்க முழுக்கப் பங்குச் சந்தை. இதைவிட நேர்மையாக ஒருத்தி நடந்துகொள்ள முடியாது என்று அன்று மாலை எனக்கு ஒரு பெருமைகூட வந்தது. வெட்கக்கேடு.

அதே வாரத்தில் ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு காய்கறி வியாபாரி வந்தார். எடுத்த எடுப்பிலேயே என் ஊர் எது, எங்கள் ஆட்கள் யார் என்று விசாரித்தார். பதிலைக் கேட்டதும் அவர் முகம் இறுகிவிட்டது. கோவில் வேறு, பேச்சு வேறு, உறவுமுறை வேறு. அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் என்னைக் குடைந்து எடுத்துவிட்டார். "ஏனுங்க, இது முங்கிப் போச்சுன்னா நான் யாரு சட்டையப் புடிக்கறதுங்க?" என்று மூன்று தடவை கேட்டார். பன்னிரண்டு கேள்வித் தாளை இங்கே நிரப்ப மாட்டேன் என்று வீட்டுக்கு எடுத்துப் போய், மனைவியைக் கலந்து, நாலு நாள் கழித்துக் கொண்டுவந்தார். இரண்டு வருடத்தில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் வரும் என்று ஏழாவது கேள்விக்குப் பக்கத்தில் எழுதியே வைத்திருந்தார். அவர் படியிறங்கிப் போனதும், சரியான சந்தேகப் பிராணி என்று வாய்விட்டுச் சொன்னேன். அவர் பணம் கரையாத இடத்துக்குப் போனது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளக்கச் சொல்லி அடம்பிடித்த ஆளைத்தான் நான் பழித்தேன்.

பத்து மாதம் ஓடியது. சந்தை முதலில் ஏறியது, பிறகு தவக்காலம் தொடங்கிய சமயத்தில் இறங்க ஆரம்பித்தது. மூன்றாம் வாரம் ஒரு திங்கட்கிழமை காலை டீச்சர் கடைசியில் போன் போட்டார். "ஆபீஸ்லதான இருக்க? வாரேன்" என்றார். அவ்வளவுதான். அவர் வந்து சேர்வதற்குள், அந்த அரை மணி நேரத்தில், நான் இரண்டு தடவை முகம் கழுவினேன்.

வந்தவர் மெலிந்திருந்தார். மறுபடியும் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பணத்தைப் பற்றித்தான் கேட்கப் போகிறார், திட்டப் போகிறார், திட்டட்டும் என்று நான் தயாராக இருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"பையனுக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு புள்ள. வாரத்துல மூணு நாளு மதுரையில மெஷின்ல போட்டு ரத்தத்தச் சுத்தம் பண்றாங்க. நான் ஒண்ணு குடுக்கப்போறேன். ரெண்டு மாசத்துக்குள்ள ஆபரேசன் பண்ணிரணுமாம். அந்தப் பணத்த எடுத்துக் குடு."

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். கொஞ்ச நாளாகத்தான் என்று சொல்லிவிட்டு, பையனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்ததால் வெளியே சொல்லவில்லை, இப்போதும் கோவிலில் யாருக்கும் தெரியாது, உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன் என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் அந்தப் பணத்தைச் சந்தைப் பக்கமே கொண்டுபோயிருக்க மாட்டேனே? ஆனால் அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் அப்பாவுக்கு வலிப்பு வரும். எனக்குக் கல்யாணம் முடியும் வரை அதை மயக்கம் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னோம். பள்ளிக்கூடத்தில் விழுந்தால் வெயில் என்போம், கோவிலில் விழுந்தால் காலையில் சாப்பிடவில்லை என்போம். எங்கள் வீடுகளில் நோயை மறைப்பது பழக்கம். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்களே, எங்கள் ஆட்கள் எதை எங்கே ஒளித்துவைப்பார்கள் என்று இந்த ஊரில் எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? கேட்டிருக்க வேண்டியவள் நான். கேட்கக் கூச்சப்பட்டவளும் நான்.

கணினியைத் திறந்து அவர் கணக்கைப் பார்த்தேன். போட்டதில் ஐந்தில் ஒரு பங்கு போயிருந்தது. திரையை அவர் பக்கம் திருப்ப வேண்டும். என் கை திருப்பவில்லை. அவரும் எட்டிப் பார்க்கவில்லை. எவ்வளவு இருக்கிறது என்றுகூட அவர் கேட்கவில்லை. எத்தனை நாளில் வரும் என்பதை மட்டும் கேட்டார்.

"டீச்சர், இப்ப எடுத்தா கொறஞ்சுதான் வரும். ஒரு பத்து நாள் பொறுத்துப் பாப்பமா?"

"நீ சொன்னாச் சரிதான்" என்றார்.

நான் ஏன் பத்து நாள் கேட்டேன் என்பதை இங்கே ஒளிக்கப் போவதில்லை. சந்தை ஏறும் என்று எனக்கு எந்தத் துப்பும் கிடைத்திருக்கவில்லை. திரையில் இருந்த அந்த எண்ணை அவர் கண்ணுக்குக் காட்டப் பயந்தேன். பயத்தை ஆலோசனை என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். வேறு யாராவது ஒருவராக இருந்தால் ஏன் பத்து நாள், ஏறாவிட்டால் என்ன, எந்தக் கணக்கில் சொல்கிறாய் என்று கேட்டிருப்பார். டீச்சர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செத்த நேரம் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துவிட்டு, படியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார்.

அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. காலை ஒன்பதே கால் மணிக்குச் சந்தை திறக்கும். போனைக் குப்புறக் கவிழ்த்து வைப்பேன், ஐந்து நிமிடத்தில் நானே எடுத்துப் பார்ப்பேன். சிவப்பு. மறுநாளும் சிவப்பு. ஒருநாள் கொஞ்சம் பச்சையாக ஏறியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் அதுவும் போனது. வீட்டில் கணவர் என்ன என்று கேட்டபோது வெயில் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் யாருடைய பொய்யைச் சொல்கிறேன் என்று உறைத்தது.

அதற்கு நடுவில் ஒட்டன்சத்திரத்துக்காரர் போன் போட்டார். அவர் பெயரைத் திரையில் பார்த்ததும் இன்னொரு அடி என்று நினைத்தேன். அவர் குரலில் பதற்றமே இல்லை. சந்தை விழுந்துவிட்டதாமே, நம்முடையது அதில் இல்லைதானே என்று உறுதிப்படுத்திக்கொள்ளக் கூப்பிட்டாராம். இல்லை என்றேன். கணக்குத் தாளை அனுப்பிவையுங்கள், நானும் ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அப்போதும் அவர் என்னை நம்பவில்லை. அவரிடம் பேசியபோது மட்டும்தான் அந்த வாரத்தில் எனக்கு மூச்சு சீராக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை கோவிலில் சிலுவைப்பாதை, இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளாகச் சொல்லும் வழிபாடு. போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். பின்வரிசையில் போய் நின்றேன். ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிட்டு எழும்போது டீச்சர் முன் பெஞ்சைப் பிடித்துத்தான் எழுந்தார். இன்னும் சில வாரத்தில் அந்த உடம்பிலிருந்து ஓர் உறுப்பை எடுக்கப் போகிறார்கள், அதற்கான பணத்தை நான் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்தேன். பதினான்கு நிலையில் ஒன்றில்கூட என்னால் ஜெபம் சொல்ல முடியவில்லை. முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது கூட்டத்தில் நழுவப் பார்த்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்துவிட்டார்.

"சந்தை விழுந்ததுல உன்னைய ஊரெல்லாம் பேசுறாங்களாமே. மனசு விட்டுறாத. பையனுக்கு வேண்டுறப்ப உன்னையவும் சேத்துத்தான் வேண்டிக்கிறேன்" என்றார்.

கோவில் படியில் வைத்து அவர் என்னை அறைந்திருந்தால் அது எனக்கு எவ்வளவோ மேலாக இருந்திருக்கும். சரி டீச்சர் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். பாதி வழியில் ஓரமாக நிறுத்திவிட்டு, நாளைக்கே எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். மறுநாள் சனி, அதற்கடுத்து ஞாயிறு. சந்தைக்கு விடுமுறை. திங்கட்கிழமை காலை மறுபடியும் பயம் வந்தது. மதியம் பார்க்கலாம், செவ்வாய் பார்க்கலாம் என்று தள்ளினேன்.

செவ்வாய் காலை பத்து மணிக்கு டீச்சர் மதுரையிலிருந்து பேசினார். பையனுக்கு நெஞ்சில் நீர் கோர்த்து மூச்சு முட்டி, விடியற்காலையில் சேர்த்திருக்கிறார்கள். இனிமேல் தள்ளக் கூடாது, தேதியை முன்னால் கொண்டுவருகிறோம், பணத்தைக் கட்டிவிடுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். "எடுத்துரு புள்ள" என்றார். அப்போதும் அதட்டவில்லை.

எடுத்தேன். அவர் முதலில் வந்து கேட்ட திங்கட்கிழமையைவிடவும் சந்தை கீழே இருந்தது. போட்டதில் நாலில் மூன்று பங்குதான் திரும்பி வந்தது. பணம் அவர் கணக்குக்குப் போய்ச் சேர இரண்டு வேலை நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் பையன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. கீழே மருந்துக் கடையில் போன் மணி அடித்தால்கூட என் போனை எடுத்துப் பார்த்தேன். குறைந்துபோன தொகையை ஈடுகட்ட, சேவுகம்பட்டியில் அவர் அம்மா வழியில் வந்த மனையை அவசரத்துக்கு, கேட்ட விலைக்கு விற்றார். என் பணத்தை எடுத்துத் தருகிறேன் என்று போனில் கெஞ்சினேன். உனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பேசாமல் இரு என்று வைத்துவிட்டார்.

சில மாதத்தில் சந்தை விழுந்த இடத்துக்கு மேலேயே ஏறியது. அதையும் சொல்லிவிட வேண்டும். பொறுத்திருக்க முடிந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னுடைய பணம் முழுதாகத் திரும்பியது.

ஆபரேசனுக்கு நாலு நாள் முன்பு நான் மதுரைக்குப் போனேன். ரயிலில் கொடைரோடு தாண்டும் வரை திரும்பிவிடலாமா என்றுதான் யோசித்தேன். டீச்சர் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார், எரிச்சலோடு. எத்தனை சோதனை, எத்தனை கையெழுத்து என்று அடுக்கினார். பெற்ற தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் சேருமா என்று வாரக்கணக்கில் பார்த்தார்களாம். அதுபோக அவரைத் தனி அறையில் உட்காரவைத்து, யாரும் கட்டாயப்படுத்துகிறார்களா, விருப்பப்பட்டுத்தான் கொடுக்கிறீர்களா, பிறகு உங்களுக்கே ஏதாவது ஆனால் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

"பெத்தவகிட்டக் கேக்குற கேள்வியா இது? கேட்டு எழுதுன அந்த ஆசுபத்திரிப் பொண்ணுகிட்டச் சண்டைக்கே போயிட்டேன். அதுக்கு அது சொல்லுது, தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற, கேட்டுத்தான் ஆகணும் பாட்டின்னு."

நானும் சிரித்து வைத்தேன். தாய்க்கும் பிள்ளைக்குமே அத்தனை கேள்வி. ஒரே விடுதியில் பன்னிரண்டு வருட இடைவெளியில் உப்புமா தின்றதை வைத்து நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அங்கேயே சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். கத்திக்குப் போகப் போகிறவரிடம் என் பாவத்தை இறக்கி வைப்பதா என்று அடக்கிக்கொண்டேன்.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு பேரும் வீடு திரும்பினார்கள். மூன்று மாதம் நான் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. தொற்று வரக்கூடாது, யாரும் போகக்கூடாது என்பது எனக்கு நல்ல சாக்கு. பிறகு அவரே கூப்பிட்டார். செலவு போக மனை விற்ற பணத்தில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது, வந்து எதிலாவது போட்டுக் கொடு என்றார்.

அந்தப் போனை வைத்த பிறகு எனக்கு வந்த பயத்துக்கு முன்னால் சந்தை விழுந்த பயமெல்லாம் ஒன்றுமில்லை. கால்பங்குப் பணத்தைத் தொலைத்தவளிடம் ஒரு மனுஷி மிச்சத்தையும் கொடுக்கிறார். நான் வேறென்ன செய்தால் இவர் என்னைச் சந்தேகப்படுவார்? ஒன்றும் செய்ய முடியாது என்று தோன்றியது. அப்படியானால் அவரைக் காப்பாற்ற இனி என்னைத் தவிர யாருமில்லை. அந்த எண்ணத்தோடுதான் பையில் ஒரு புதுத் தாளை எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன்.

வாசலிலேயே கையைச் சோப்பு போட்டுக் கழுவச் சொல்லி, மூக்குக்குக் கட்டிக்கொள்ள முகமூடி கொடுத்தார். உள் அறையில் திரைச்சீலைக்குப் பின்னால் பையன் படுத்தபடி கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். கூடத்தில் நாங்கள் இருவர். இந்த முறை நான் அவருக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"டீச்சர், போன தடவ இந்தத் தாள நான்தான் நெரப்புனேன். உங்ககிட்ட ஒண்ணுமே கேக்கல. மூணு வருசத்துக்குள்ள பணம் தேவைப்படுமான்னு ஒரு கேள்வி இருந்துச்சு. இல்லைன்னு போட்டது நான். அப்புறம் அந்தப் பத்து நாளு பொறுக்கச் சொன்னதும் பயத்துல சொன்னது."

விலாப்பக்கம் தையல் இழுத்தது போல, அவர் கையை அங்கே வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தெரியும். பக்கத்துலதான இருந்தேன்."

"தாளப் பாத்தீங்களா?"

"கண்ணாடி போட்டுத்தான இருந்தேன். நீ ஒவ்வொண்ணா டிக் போட்டப்ப நானும் வாசிச்சுக்கிட்டேதான் இருந்தேன். அந்தக் கேள்வி வந்துச்சு. அதுக்கு ஒரு வாரம் முன்னாலதான் டாக்டர் சொல்லியிருந்தாரு, பையனுக்குக் கிட்னியில உப்பு ஏறியிருக்கு, கெட்டும் போகலாம், அப்படியே நின்னும் போகலாம்னு. உங்கிட்டச் சொல்லிருவோம்னு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீ இல்லைன்னு போட்டுட்ட. யோசிக்கக்கூட இல்ல, சடக்குன்னு போட்ட. எனக்கு அம்புட்டு நிம்மதியா இருந்துச்சு புள்ள. நம்ம புள்ள கையால இல்லைன்னு வந்திருக்கு, அப்படியே இல்லாமப் போயிரட்டும்னு விட்டுட்டேன்."

மூன்று நிமிடத்தில் அலட்சியமாக நான் போட்ட ஒரு குறியை, அவர் பத்து மாதம் நல்வாக்காக நெஞ்சில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். என் மேல் வைத்த நம்பிக்கை பணத்துக்கானது என்று நான் நினைத்திருந்தேன். அவர் பையனின் உயிரையே அந்தச் சின்னக் கட்டத்துக்குள் வைத்திருக்கிறார். யாரோ ஓர் அந்நியர் அந்தக் குறியைப் போட்டிருந்தால், தப்புங்க என்று அவரே திருத்தியிருப்பார்.

அழுதால் அவரும் அழுவார், பையனுக்குக் கேட்கும். அதனால் தாளை எடுத்து மேசையில் வைத்துவிட்டு முதல் கேள்வியை வாசித்தேன். இதென்ன புதுசாக என்பதுபோலப் பார்த்தார். பிறகு, வகுப்பில் எழுப்பிவிட்ட பிள்ளையைப் போல ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நான் குறி போடவில்லை. பேனாவை அவர் கையில் கொடுத்து அவரையே போடச் சொன்னேன். ஆறு கேள்வி முடிந்தது. பிறகு ஏழாவதை வாசித்தேன்.

"இந்தப் பணம் மூன்று ஆண்டுகளுக்குள் தேவைப்பட வாய்ப்பு உண்டா?"

வைத்த சிறுநீரகம் பல வருடம் உழைக்கும் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். உடம்பு அதை ஏற்றுக்கொள்ளாமல் தள்ளினாலும் தள்ளும், கையில் எப்போதும் பணம் வைத்திருங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டும் எனக்குத் தெரியும் என்பது டீச்சருக்கும் தெரியும். அவர் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"இத மட்டும் நீ போட்டுரு. இல்லைன்னு போட்டுரு" என்றார்.

"நான் போட மாட்டேன் டீச்சர்."

அதுவரை அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கால்பங்குப் பணம் போனபோது பார்க்கவில்லை, மனையை விற்றபோது பார்க்கவில்லை. இப்போது, வேறு ஊரிலிருந்து வந்த ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தார். எனக்கு வலித்தது. ஆனாலும் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஆரவாரம் கேட்டது. யாரோ சிக்ஸர் அடித்திருக்க வேண்டும். பையன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்கும் வரை டீச்சர் காத்திருந்தார். பிறகு குனிந்து, 'ஆம்' என்ற கட்டத்தில் குறியைப் போட்டார். போட்டதும் தாளைக் குப்புறத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"எடுத்துட்டுப் போ. அவன் கண்ணுல பட்டுறாம எடுத்துட்டுப் போ."